பரணில் பதுங்கிய "இரும்புக்கை" ஆசாமி! எடைக்குப் போடும் முன் அட்டையைப் பாருங்கள்

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை பகுதிகளில் பழைய வீடுகள் மளமளவென்று இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும்பி வருகின்றன. வீட்டைக் காலி செய்யும்போது பரணில் கிடக்கும் மூட்டைகள் நேராகப் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன.

அந்த மூட்டைகளுக்குள் திருடன், உளவாளி, துப்பறிவாளர் என்று ஒரு கூட்டமே அகப்பட்டுக் கிடக்கிறது! அத்தனை பேரும் காமிக்ஸ் புத்தக ஆசாமிகள்.

திருந்திய திருடர்கள்

1972-ம் ஆண்டு சிவகாசியில் இருந்து "முத்து காமிக்ஸ்" வெளிவந்தது. முதல் புத்தகமே "இரும்புக்கை மாயாவி".

கை போய் இரும்புக்கை பொருத்தப்பட்டவன் மாயாவி. உடம்பில் கரண்டு பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும்! 1962-ல் இங்கிலாந்துப் பத்திரிகையில் தொடங்கிய கதை இது. ஆரம்பத்தில் இவன் திருட்டு வழியில் போனவன். பிறகுதான் நல்லவர்கள் பக்கம் வந்தான்.

1984-ல் சிவகாசியில் இருந்தே வந்தது "லயன் காமிக்ஸ்". அதன் முதல் இதழின் நாயகி மாடஸ்டி. இந்த அம்மாளும் ஒரு காலத்தில் கடத்தல் கும்பலின் தலைவி! இந்தத் தொடர் 1963-ல் முதலில் வந்தது லண்டனின் ஒரு மாலைப் பத்திரிகையில். ஆபீஸ் விட்டு ரெயிலில் வீடு திரும்பியவர்கள் அங்கேயும் இதைத்தான் படித்தார்கள்.

நிஜத் துப்பறிவாளர் எழுதியது

ஏஜெண்ட் காரிகன் கதையின் பூர்வீகம் பலருக்குத் தெரியாது. 1934-ல் இதைத் தொடங்கி எழுதியவர் டேஷியல் ஹாமெட். பிங்கர்ட்டன் என்ற அமெரிக்கத் தனியார் துப்பறியும் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். ரத்தமும் சதையுமான குற்றக் கதைகளுக்கு வழிகாட்டி. படம் வரைந்தவர் அலெக்ஸ் ரேமண்ட்.

இதே ரேமண்ட் 1946-ல் உருவாக்கியவர்தான் கண்ணாடி போட்ட துப்பறிவாளர் ரிப் கெர்பி. சட்டென்று துப்பாக்கியைத் தூக்காமல் மூளையைச் செலவழிப்பவர். அவர் வீட்டு வேலைக்காரர் டெஸ்மண்டோ ஒரு பழைய திருடர்!

முதலில் எதைப் படிக்கலாம்?

புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் "இரத்தப் படலம்" புத்தகத்தில் இருந்து தொடங்கலாம். தலையில் குண்டு அடிபட்டுக் கடற்கரையில் ஒதுங்குகிறான் ஒருவன். பெயர்கூட ஞாபகம் இல்லை. உடம்பில் 13 என்ற பச்சைக் குத்து மட்டும் இருக்கிறது. ஜனாதிபதியைச் சுட்டவனே இவன்தானோ என்ற சந்தேகம் வேறு!

பெல்ஜியத்தில் பிறந்த இந்தக் கதையின் 18 பாகங்களும் 2010-ல் தமிழில் ஒரே தடிப் புத்தகமாக வந்தன. கையில் எடுத்தால் கிண்டி தாண்டியதும் தெரியாது, தாம்பரம் வந்ததும் தெரியாது.

கடலைப் பொட்டலம் ஆகலாமா?

1984-ல் ஜேம்ஸ் பாண்டு கதையோடு தொடங்கிய "ராணி காமிக்ஸ்" 2005-ல் நின்றுவிட்டது. அதன் பழைய இதழ்களில் மிச்சம் இருப்பவை பெரும்பாலும் வாசகர்கள் வீட்டில்தான் இருக்கின்றன. மட்டக் காகிதம், தொட்டாலே ஓரம் உதிர்கிறது. எடைக்குப் போட்டால் அடுத்த வாரம் கடலைப் பொட்டலம்தான்!

ஒரு கட்டு காமிக்ஸுக்குப் பேப்பர் கடையில் கிடைப்பது சில ரூபாய். சேகரிப்பவர்களோ அபூர்வமான ஒரே புத்தகத்துக்கு நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில்கூடக் கொடுக்கிறார்கள்.

பணத்தை விடுங்கள். மூத்த பிள்ளை படித்துக் கிழித்ததை இளையவன் ஒட்டிப் படித்த புத்தகம் அது. பேரப்பிள்ளைக்கும் மிஞ்ச வேண்டாமா?

சிவகாசிக்காரர்கள் 2012-ல் இருந்து புது வேகத்தோடு கலரிலும் புத்தகம் போட்டு வருகிறார்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். முடியாதவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டுப் பரணில் ஏறிப் பார்க்கலாம். இரும்புக்கை தட்டுப்பட்டாலும் படும்!