குடலின் காவலரும் குடும்பத்தின் நினைவும்

நம் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை தம் எல்லைக்குள் இருக்கும்வரை நமக்கு நன்மையே. எல்லை மீறினால் உடனே உணர்ந்து, நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அறிவிப்பவை உயிரணுக்களில் அமைந்த ‘ஏற்பிகள்’ என்னும் புரதங்கள். வாயிற்காவலர் என்றே அவற்றைச் சொல்லலாம்.

இக்காவலரை அறிவியலுக்கு அடையாளம் காட்டியது ஓர் ஈ! பழ ஈயின் கரு வளர்ச்சியை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர்கள் அதன் மரபணு ஒன்றுக்கு ‘டோல்’ எனப் பெயரிட்டனர். அவர்கள் மொழியில் அது வியப்பைக் குறிக்கும் சொல். அம்மரபணு பழுதுற்ற ஈக்கள் பூஞ்சை தொற்றி மடிவதை 1996இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் கண்டனர். இரண்டே ஆண்டுகளில், எலிகளில் அதன் உறவான டி.எல்.ஆர்.4 என்னும் ஏற்பியே பாக்டீரியாவின் புறத்தோல் நச்சை உணர்கிறது என்று புரூஸ் பாய்ட்லர் நிறுவினார். 2011இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இந்த ஏற்பியின் மரபணு எல்லோரிடமும் ஒன்றுபோல் இல்லை. சிலரிடம் புரதத்தின் 299ஆம் இடத்தில் ஆஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பதிலாகக் கிளைசின் அமர்ந்துவிடுகிறது. காவலர் சற்றே மந்தமானால் கிருமி தங்கிவிடும்; அளவுக்கு மீறி விழிப்பாக இருந்தால் அழற்சி ஓயாது நீடித்து, குடற்சுவர் மீண்டும் மீண்டும் புண்பட்டுப் புதுப்பிக்க நேரும். அவ்வாறு புதுப்பிக்கும்போதுதான் பிழைகள் நுழைகின்றன. ஆதலால் இத்தகைய மாறுபாடுகளுக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்குமோ என ஆய்வாளர் தேடினர். சில ஆய்வுகள் ஆம் என்றன. வேறு சில இல்லை என்றன. தொடர்பு தென்பட்ட இடங்களிலும் அது பெரும்பாலும் சிறிதே.

மாறாக, லிஞ்ச் நோய்க்குறித் தொகுப்பைப் பாருங்கள். உயிரணு பிரியும்போது மரபுக்குறியீட்டில் நேரும் படியெடுப்புப் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் இங்கே பழுதுற்றிருக்கும். வங்கியில் ஒருவர் பதிந்ததை மற்றொருவர் சரிபார்ப்பார் அல்லவா? அந்தச் சரிபார்ப்பவர் இல்லாத கிளையின் கணக்கு என்னவாகும்! பெருங்குடல் புற்றுநோயாளரில் நூற்றுக்கு மூவர் அளவிலேயே இது காணப்படுகிறது. ஆனால் இப்பழுதைச் சுமக்கும் குடும்பத்தில் அபாயம் மிகப் பெரிது. அங்கே மரபணுச் சோதனை உயிர்காக்கும்.

உமிழ்நீரை அனுப்பினால் எல்லா நோய்க்கும் அபாய மதிப்பெண் தருவதாகக் கூறும் விளம்பரங்களை வாடிக்கையாளர் பலரும் கண்டிருப்பீர்கள். ஏற்பி மாறுபாடு ஒன்றை அறிந்துகொள்ளப் பணம் செலவிடுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். ‘ஆபத்து இல்லை’ என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மலத்தில் இரத்தம் கண்டும் ‘மூலம்தான்’ என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதே உண்மையான ஆபத்து. காரணம் தெரியாத இரத்தசோகை, எடைக்குறைவு, மலம் கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாற்றம் ஆகியவையும் மருத்துவரிடம் காட்டத்தக்கவை.

வாரிசு நியமனப் படிவத்தில் உறவினர் பெயரைத் தயங்காமல் எழுதும் நம்மில் பலருக்கு, தாத்தா எந்த நோயால், எந்த வயதில் மறைந்தார் என்பது தெரியாது. ‘வயிற்று நோவு’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெரியப்பாவையோ அத்தையையோ அடுத்தமுறை காணும்போது கேட்டுக் குறித்து வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்திருந்தால் நம் அபாயம் ஏறத்தாழ இருமடங்காகிறது. குடலில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டு அளவில் ஆகும்; கொலனோஸ்கோபியின்போதே அதை அகற்றிவிடலாம். எனவே, இத்தகைய குடும்பத்தார் 40 வயதிலோ, உறவினருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னரோ, எது முந்தியதோ அப்போது சோதனையைத் தொடங்குவது வழக்கம். அண்ணனுக்கு 46இல் நோய் கண்டதாயின், தம்பி மருத்துவரைக் காணவேண்டிய வயது 36.