ஒரு பிரதி போதுமா?

ஏட்டுச் சுவடிகளைப் பேணிய நம் முன்னோர், கறையானும் பூச்சியும் ஓலையை அரித்துவிடுமுன் அதனைப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதி வைப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. வேறிடத்திற் பிரதி இருந்தவற்றைத் தேடிப் பெறலாம். பிரதி இல்லாதவை போனவை போனவையே.

இன்று நம் இல்லங்களில் ஏடுகள் இல்லை. ஆயினும் இழத்தற்கரிய செல்வம் உண்டு. திருமணப் படங்கள், குழந்தையின் மழலை, மறைந்த பாட்டியாரின் குரல், பிள்ளைகளின் பாடக் குறிப்புகள் ஆகிய யாவும் கணினிக் கோப்புகளாகிவிட்டன. வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளும் கைத்தொலைபேசிகளும் சேர்ந்து பயன்படுத்தும் வகையில், வலையமைப்பில் இணைந்த ஒரு சேமிப்புப் பெட்டியில் அவற்றை வைத்திருக்கும் குடும்பங்கள் பல. ‘நாஸ்’ என்பது அப்பெட்டியின் வழக்குப் பெயர்.

“எங்கள் பெட்டியில் இரண்டு வன்தட்டுகள் இருக்கின்றனவே, ஒன்று பழுதுபட்டால் மற்றது காக்காதோ?” என்று வாசகர் வினவலாம். தட்டுப் பழுதுபட்டாற் காக்கும், உண்மையே. ஆனால் அவ்விரண்டும் கண்ணாடியும் உருவமும் போன்றவை. நெற்றிப் பொட்டை அழித்தால் கண்ணாடியில் தோன்றும் நெற்றியிலும் பொட்டு இராது. அவ்வாறே, சிறுவன் ஒருவன் தவறுதலாக அழித்த கோப்பு அக்கணமே இரு தட்டுகளிலும் அழிந்துபோம். பணம் பறிக்கும் நோக்குடன் கோப்புகளைப் பூட்டிவிடும் தீய நிரல்களும் இரண்டையும் ஒருங்கே கெடுக்கும். பருவக்காற்றுகள் மாறும் ஏப்பிரல், ஒக்டோபர் மாதங்களின் இடிமின்னலும் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இதற்குச் சான்றாக, அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைக் கூறுவோம். 1998ஆம் ஆண்டில் பிக்சார் நிறுவனம் ‘டோய் ஸ்டோரி 2’ என்னும் சித்திரப்படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. தவறாக இடப்பட்ட ஒரு கட்டளையினால் அப்படத்தின் கோப்புகளிற் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் பிரதி இருக்கிறதென்று யாவரும் நம்பியிருந்தனர். எடுத்துப் பார்த்தபோதுதான் அது பயன்படாதென்று புலப்பட்டது. அந்நிலையில், தொழில்நுட்பப் பொறுப்பிலிருந்த கேலின் சுஸ்மன் என்னும் அம்மையாருக்கு ஓர் எண்ணம் உதித்தது. மகப்பேற்றின் பின் இல்லத்திலிருந்தே பணியாற்றிய அவர், படத்தின் பிரதியொன்றைத் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். அக்கணினியைப் போர்வைகளாற் சுற்றி, மோட்டார் வண்டியில் மெதுவாகக் கொண்டுவந்தனர். படம் பிழைத்தது; 1999ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பிரதி வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும்; அது மீளக்கூடியதா என்று சோதித்தும் பார்த்தல் வேண்டும். இவ்விரு பாடங்களையும் அந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கிறது.

இனி, செய்முறையைக் கவனிப்போம். புறத்தே இணைக்கக்கூடிய வன்தட்டுகள் இரண்டை வாங்கி, ‘அ’, ‘ஆ’ என்று பெயரொட்டுக. இவ்வாரம் ‘அ’ பெட்டியோடு இணைந்திருக்க, ‘ஆ’ உறவினர் இல்லத்திலோ அலுவலக மேசையிலோ இருக்கட்டும். ஞாயிறுதோறும் இரண்டையும் மாற்றுக. எந்நேரத்திலும் ஒரு தட்டேனும் மின்னிணைப்பின்றி, வீட்டுக்கு வெளியே இருத்தலே இம்முறையின் உயிர்நாடி.

வாரந்தோறும் அனைத்தையும் பிரதிசெய்ய வேண்டுமோவெனின், வேண்டியதில்லை. குடும்பத்தின் சேமிப்பு 500 கிகாபைட் என்று கொள்வோம். வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் அதனை முதன்முறை பிரதிசெய்ய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் செல்லும். சிறு கோப்புகள் மலிந்திருப்பின் இன்னும் நீளும். அடுத்த முறை, புதிதாகச் சேர்ந்தவற்றையும் மாறியவற்றையும் மட்டும் எடுத்தாற் போதுமானது. அவை 2 கிகாபைட் எனின், பிரதிசெய்யும் வேலை அரை நிமிடத்துள் முடியும். இதற்கெனப் பலரும் கையாளும் ‘ஆர்சிங்க்’ என்னும் நிரலை 1996ஆம் ஆண்டில் அன்ட்ரூ டிரிட்ஜெல், போல் மக்கராஸ் ஆகிய இருவரும் வெளியிட்டனர்.

அந்நிரலில் வியத்தகு வசதியொன்று உண்டு. ஒவ்வொரு திகதிக்கும் தனிக் கோப்புறை அமைத்து, மாறாத கோப்புகளை மீண்டும் எழுதாமல், பழைய கோப்புக்கே இன்னொரு பெயரை அது சூட்டும். ஒருவரே தாய்க்கு மகனாயும் தமக்கைக்குத் தம்பியாயும் இருப்பதுபோல, ஒரே கோப்புப் பல திகதிகளிலும் தோன்றும். இடமோ ஒன்றுக்கே செல்லும். தட்டு நிறையும்போது மிகப் பழைய கோப்புறையை அழிக்கலாம். வேறு திகதியின் பெயர் ஒன்றேனும் எஞ்சியிருக்கும்வரை கோப்பு அழியாது. எனினும், ‘எக்ஸ்பாட்’ முறையில் ஒழுங்குசெய்யப்பட்ட தட்டில் இவ்வாறு பெயர் சூட்ட இயலாது. ‘எக்ஸ்ட்4’ போன்ற முறை வேண்டும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, ‘அ’ தட்டை அதிலுள்ள கடைசித் திகதியோடு மட்டுமே ஒப்பிடுதல் வேண்டும். ‘ஆ’ தட்டில் உள்ளது அதற்குத் தெரியாது. ஆகையால் திரும்பிவரும் தட்டு, தான் இல்லாத நாள்களின் மாற்றங்களையும் சேர்த்தே பெறும். இரண்டாவது, தட்டு உண்மையில் இணைந்திருக்கிறதா என்று நிரல் முதலிற் சோதித்தல் வேண்டும். இல்லையேல், தட்டுக்குரிய வெற்றுக் கோப்புறையிலே பிரதி எழுதப்பட்டு, பெட்டி தன்னையே தன்னுள் நிரப்பிக்கொள்ளும். நாமோ காப்பு நடந்ததென்று மகிழ்ந்திருப்போம். மூன்றாவது, வெளியே செல்லும் தட்டை மறைகுறியாக்கிப் பூட்டுதல் நன்று. அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். ஒருவர் நினைவில் மட்டும் வைப்பது தகாது.

இவை யாவற்றினும் மேலானது சோதனை. மாதமொரு முறை, தட்டிலிருந்து ஒரு படத்தையும் ஒரு பாடக் குறிப்பையும் வேறொரு கணினிக்கு மீட்டுத் திறந்து பாருங்கள். இப்பணியை வீட்டிலுள்ள மாணவரிடம் ஒப்படைத்தாற் கல்வியுமாகும், காவலுமாகும். திறந்து பார்க்கப்படாத பிரதி வெறும் நம்பிக்கையே.

இன்று ஞாயிறு. பாட்டியாரின் குரல் எத்தனை இடங்களில் இருக்கிறதென்று, மதிய உணவின் பின் குடும்பத்தோடு அமர்ந்து எண்ணிப் பாருங்கள். விடை ஒன்றாயின், அடுத்த ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம்.