240 மானிட்டர் இருந்தால் போதுமா? ரிச்சி தெருவில் பணத்தைக் கோட்டை விடும் வாலிபர்கள்!

சென்னை அண்ணா சாலையை ஒட்டி இருக்கிறது ரிச்சி தெரு. ஒரு காலத்தில் ரேடியோ சாமான் விற்ற தெரு. இன்று கம்ப்யூட்டர் சாமான் வாங்க வரும் கூட்டத்தில் தோள் இடிபடாமல் நடக்க முடியாது.

அந்தக் கூட்டத்தில் ஒரு ரகம் உண்டு. மீசை அரும்பிய பையன். பக்கத்தில் அப்பா. பையனின் செல்போனில் ஒரு பட்டியல். அப்பாவின் சட்டைப் பையில் சீட்டு எடுத்த பணம். "இருக்கிற கம்ப்யூட்டர் போதாதா?" என்பது அப்பாவின் கேள்வி. "அது 60தான்ப்பா. எனக்கு 240 வேணும்" என்பது பையனின் பதில்.

அது என்ன 60, 240?

திரை ஒரு வினாடிக்கு எத்தனை தடவை படத்தை மாற்றிக் காட்டுகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. ஹெர்ட்ஸ் என்பார்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 16.7 மில்லி வினாடி. 144 என்றால் 6.9. 240 என்றால் 4.2. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற துப்பாக்கி ஆட்டங்களில், எதிராளி சுவர் மறைவில் இருந்து தலை நீட்டுவதை முந்திப் பார்ப்பவனுக்குத்தான் வெற்றி. ஆக, பையன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். 60-ல் இருந்து 144-க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லி வினாடி லாபம். 144-ல் இருந்து 240-க்குப் போனால் 3 கூடத் தேறாது. காசு மட்டும் ஏறும்!

மேஸ்திரி யார்?

மானிட்டர் வெறும் திரை. 240 காட்டும் திரைக்கு 240 படம் வரைந்து தர உள்ளே ஆள் வேண்டும். உள்ளே இருந்து வருவது 90 என்றால் திரையில் தெரிவதும் 90தான்.

படம் வரைவது கிராபிக்ஸ் கார்டு. அதற்கு வேலை ஏவும் மேஸ்திரி, பிராசசர். நம் வாலிபர்கள் பணத்தை எல்லாம் கார்டில் கொட்டிவிட்டு மேஸ்திரி கூலியில் மிச்சம் பிடிக்கிறார்கள். வேலரன்ட் மாதிரி ஆட்டத்தில், சாதாரண புல் எச்.டி. திரையில், கார்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். திணறுவது மேஸ்திரிதான்.

ஏ.எம்.டி. கம்பெனி 2022-ல் இறக்கிய 5800எக்ஸ்3டி, 2023-ல் இறக்கிய 7800எக்ஸ்3டி இரண்டும் 96 எம்.பி. எல்3 கேச் வைத்து, ஆட்டத்துக்கென்றே பேர் வாங்கியவை. விலை கடிக்கும். 144 போதும் என்பவர்களுக்கு நடுத்தர ஆறு கோர் பிராசசரே தாராளம். சைபர்பங்க் மாதிரி ஜிகினா காட்டும் ஆட்டம் என்றால் கதை தலைகீழ். அங்கே கார்டுக்குத்தான் காசு.

ராமை ஒரே பட்டையாக வாங்காமல் ஜோடியாக வாங்குவது நல்லது. பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்பதை ஆன் செய்யவும் மறக்கக் கூடாது. ஆன் செய்யாவிட்டால் 6000 வேகத்துக்குக் காசு கொடுத்த டி.டி.ஆர்.5 ராம், பெரும்பாலும் 4800-லேயே நொண்டும். ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் ராம் விலை கிடுகிடுவென ஏறியது. பழைய பட்டியலை நம்பிப் பணத்தை எண்ணி எடுத்து வந்தால் பஸ் காசும் மிஞ்சாது.

பெயர் ஒன்று, சரக்கு வேறு!

ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற கார்டு 2022-ல் 8 ஜி.பி.யுடன் வந்தது. 2024-ல் அதே பெயரில் 6 ஜி.பி. கார்டு வந்தது. குறைந்தது ஜி.பி. மட்டும் அல்ல. உள்ளே இருக்கும் கோர்களும் 2,560-ல் இருந்து 2,304 ஆகிவிட்டன. பெட்டியில் பெயர் பெரிசாக இருக்கும். ஜி.பி.யைத் தேடித்தான் படிக்க வேண்டும்.

இதாவது கம்பெனி விளையாட்டு. அசல் கில்லாடிகள் வேறு. அரதப் பழசான கார்டுக்குள் இருக்கும் புரோகிராமை மாற்றி எழுதி, புதுக் கார்டு மாதிரி வேஷம் கட்டி விடுவார்கள். கம்ப்யூட்டரில் போட்டால் புதுப் பெயரே தெரியும்! ஜி.பி.யு.-இசட் என்ற இலவச புரோகிராம், 2018 முதல் இப்படி வேஷம் கட்டிய என்விடியா கார்டுகளைக் காட்டிக் கொடுத்து வருகிறது.

அடுத்தது, தேய்ந்த சரக்கு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற டிஜிட்டல் காசு, கிராபிக்ஸ் கார்டை வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டது. ராப்பகலாக ஓடிய கார்டுகள் செகண்ட் ஹேண்டாகச் சந்தைக்கு வந்தன. துடைத்து வைத்தால் பளபள என்றுதான் இருக்கும். பழசு வாங்குபவர்கள் அரை மணி நேரமாவது ஆட்டத்தை ஓட விட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. கேபினட்டோடு சும்மா வரும் பெட்டி வெடித்தால் கார்டையும் சேர்த்துக் கொண்டு போகலாம்.

எல்லாம் வாங்கி வந்தும் "240 தெரியலையே" என்று புலம்புபவர்கள் உண்டு. மானிட்டர் வயரை கிராபிக்ஸ் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகியிருப்பார்கள். இல்லாவிட்டால் விண்டோசில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் 60 என்றே கிடக்கும். அதை மாற்ற வேண்டும்.

பில் எங்கே?

"பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்" என்று சொன்னால் உஷார்! கார்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 30 ஆயிரம் ரூபாய் கார்டுக்கு 5,400 ரூபாய். சபலம் தட்டும். ஆனால் பில்லும், அதில் சீரியல் நம்பரும் இல்லாமல் வாரண்டி கேட்டுப் போனால் வாசலோடு திருப்பி அனுப்பி விடுவார்கள். முழு 30 ஆயிரமும் போச்சு!

பில் இருந்தும் கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் ரூ.5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயம் இல்லை. வாங்கியவரே நேரில் வாதாடலாம்.