சுமை ஏறும் நாளில் கைவிடும் பின் பிரேக்

ஜாசின், மெர்லிமாவ், அசஹான் பக்கம் போனால் சிறுதோட்டக்காரர் வீட்டு வாசலில் 1980களின் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பை இன்றும் பார்க்கலாம். கதவில் துரு ஏறியிருக்கும். இயந்திரம் மட்டும் சாகாது. ஆனால், பின் பிரேக் சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடும். பல மாதங்கள் வரை ஓட்டுபவருக்கே அது தெரியாது.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. காலி பிக்கப்பின் பின்பகுதி முன்னமே லேசானது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் சக்கரங்களே செய்வதால், பின் பிரேக் இல்லாத காலி வண்டியும் ஒருவாறு நின்றுவிடும். செம்பனைக் குலை ஏற்றிய அன்று கதை வேறு. ஒரு குலை 20 கிலோ என்றால் 40 குலைக்கு 800 கிலோ. அதில் பெரும்பகுதி பின் அச்சின் மேல்தான் உட்காருகிறது. அந்தப் பாரத்தை நிறுத்த முன் பிரேக் மட்டும் போதாது.

சந்தேகம் வந்தால் உடனே டிரம்மைக் கழற்ற ஓட வேண்டாம். முதலில் கை பிரேக்கைச் சோதியுங்கள். கால் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தில் இயங்குகிறது. கை பிரேக் கேபிளில் இயங்குகிறது. இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றே, அதாவது டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூ. சமதரையில் கை பிரேக்கை இழுத்துவிட்டு முதல் கியரில் மெல்ல நகர்த்திப் பாருங்கள். வண்டி இறுக்கமாக நின்றால் ஷூவும் டிரம்மும் பெரும்பாலும் நலம். எண்ணெய் வரும் வழியில்தான் தேட வேண்டும். கை பிரேக்கும் பிடிக்காவிட்டால் கேபிளையும் டிரம்மின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும்.

இந்த ஹைலக்ஸ்களில் பலர் அறியாத ஒரு சங்கதி உண்டு. தேய்ந்த ஷூவை டிரம்முக்கு அருகில் நகர்த்தும் தானியங்கி அமைப்பு, கை பிரேக்கை இழுக்கும்போதுதான் வேலை செய்கிறது. கியரில் போட்டு நிறுத்திவிட்டு இறங்குவது நம்மில் பலரின் பழக்கம். அப்படியே வருடக்கணக்கில் விட்டால், சக்கரத்தின் பின்புறமுள்ள சிறு நெம்புகோல் சேற்றிலும் துருவிலும் இறுகிப் போகும். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். பெடல் ஆழமாக இறங்கும். இரண்டு மூன்று முறை மிதித்தால் உயரும். இதற்குப் புது மாஸ்டர் சிலிண்டர் மாற்றுவது வீண் செலவு. நெம்புகோலைக் கழற்றிச் சுத்தம் செய்து, மசகு தடவி, இடைவெளியைச் சரிசெய்தால் போதும்.

டிரம்முக்குள் ஈரம் தெரிந்தால் அது என்ன திரவம் என்று அறிய வேண்டும். ஒரு துளியைத் தண்ணீரில் விடுங்கள். கரைந்தால் பிரேக் எண்ணெய்; வீல் சிலிண்டர் கசிகிறது. மிதந்தால் கியர் எண்ணெய். அச்சின் ஆயில் சீல் போய்விட்டது. எதுவானாலும் ஊறிய ஷூ இனி உதவாது, இருபக்கமும் மாற்றுவதே முறை. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பிரேக் எண்ணெய் தண்ணீரில் கரைவதே அதன் பலவீனமும்கூட. காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 பாகை. கேமரன் மலையில் இறங்குபவருக்கு இது பெரிய கவலை. மலாக்காவின் சமதரையில் கொதிப்பதைவிடத் துருதான் எதிரி. ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரிக்கிறது. அந்தச் சொரசொரப்பு ரப்பர் வளையத்தை அறுக்கிறது.

இரண்டு பின் சக்கரங்களும் ஒன்றாகச் சோர்ந்தால் பொதுவான வழியைச் சந்தேகியுங்கள். சட்டத்திலிருந்து அச்சுக்கு இறங்கும் ரப்பர் குழாய் வயதாகி உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். அதற்கு மேலே இருப்பது சுமையுணர் வால்வு. அச்சோடு இணைந்த கம்பி ஒன்று, வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அதற்குச் சொல்கிறது. தாழ்ந்தால் சுமை இருக்கிறது என்று பின்பக்கம் கூடுதல் அழுத்தம் விடும், உயர்ந்தால் குறைக்கும். காலி வண்டியின் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமலிருக்கவே இந்த ஏற்பாடு.

நம் ஆட்கள் கூடுதல் சுமைக்காக ஸ்பிரிங்கில் இன்னும் ஒரு பட்டை சேர்ப்பார்கள். வண்டி உயர்ந்துவிடும். குலை ஏறினாலும் தாழாது. வால்வோ வண்டி காலி என்று நம்பி அழுத்தத்தைக் குறைக்கும். எந்தக் கசிவும் இல்லை, எந்தப் பாகமும் பழுதில்லை. ஆனாலும் பின் பிரேக் போதாது. பட்டை சேர்த்த வண்டிக்குக் கம்பியின் அளவையும் திருத்தியாக வேண்டும் என்பதை எத்தனை பட்டறைகள் நினைவில் வைத்திருக்கின்றன?

சோதிக்கும்போதும் இதே வால்வு ஏமாற்றும். சட்டத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் அச்சு தொங்கி, வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் அச்சின் அடியில் தாங்கி வைத்துத்தான் தூக்க வேண்டும். பிறகு ஒருவர் பெடலை மிதிக்க, சக்கரத்தின் காற்று நீக்கும் திருகை மற்றவர் திறக்கட்டும். எண்ணெய் பீறிடாமல் சொட்டினால் குழாய்க்கு முன்னும், வால்வுக்கு முன்னும் இணைப்பை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஓட்டம் எங்கே நன்றாக இருக்கிறதோ, அதற்கு அடுத்த பாகத்தில் அடைப்பு. எல்லாம் முடிந்தபின் இணைப்புகளை இறுக்கி, எண்ணெய் நிரப்பி, காற்றை முழுவதுமாக நீக்கிய பிறகே வண்டியைச் சாலைக்கு எடுக்கலாம்.

வர்த்தகச் சரக்கு வண்டிகளை ஆறு மாதத்துக்கொருமுறை பரிசோதிக்கும் புஸ்பாகோம் நிலையங்களில், உருளைகளின் மேல் சக்கரத்தை நிறுத்தி ஒவ்வொன்றின் பிரேக் விசையையும் அளக்கிறார்கள். சொந்த பிக்கப் வைத்திருப்பவரும் பழுது பார்த்தபின் விரும்பினால் அங்கே கொண்டுபோகலாம். இடது, வலது எண்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் தெரிந்தால், குறைவாகக் காட்டிய பக்கத்து டிரம்மை மறுபடி திறக்கச் சொல்லுங்கள்.