ஏற்றத்தில் ஏ-போட்டி, இறக்கத்தில் ஆக்ஸியோ

ஒஸ்டின் ஏ-40ஐ இலங்கைத் தமிழர்கள் ‘ஏ-போட்டி’ என்றுதான் சொல்வார்கள். நாடெங்கும் ஹயருக்கு ஓடிய கார் அது. 1952இல் வந்த சொமர்செட் மொடலைப் பார்த்தால் வண்டு மாதிரி உருண்டு திரண்டிருக்கும். உள்ளே இருந்ததோ 1,200 சிசி எஞ்சின், 40 குதிரைவலுவுக்குச் சற்று மேல். இன்றைய ஆல்டோவும் அதை முந்திவிடும். அந்தப் பலத்தை வைத்துக்கொண்டுதான் கித்துள்கலையிலிருந்து கினிகத்தேனை முடக்குகளில் ஏறி, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா தாண்டி நுவரெலியாவுக்குப் போனார்கள்.

ஏறுவது மட்டும் பிரச்சினையல்ல. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் எஞ்சினின் பலமும் அதே அளவு குறையும். கார்பரேட்டருக்கு இது தெரியாது. கொழும்பில் ஊற்றிய கணக்கிலேயே பெற்றோலை ஊற்றும். பிளக் கரி பிடிக்கும், கறுப்புப் புகை வரும், பின்சீற்றுக்காரருக்குப் பெற்றோல் வாடையில் வாந்தி வரும். கராஜ் பாஸ் திருப்புளியால் கலவையைக் குறைத்துவிடுவார். அதே கார் கொழும்புக்கு இறங்கினால் அங்கே காற்று கூடிப்போய், பெற்றோல் போதாமல் இழுக்க மறுக்கும். சமதரையில் கலனுக்கு 30 மைலை ஒட்டி ஓடக்கூடிய கார்தான். மலையில் அந்தக் கணக்கைக் கேட்டால் சாரதி சிரிப்பார்.

அந்தக் காலத் தோட்டத்தில் சொந்தக் கார் துரைக்குத்தான். லயத்து மக்களுக்குக் கார் என்பது பிரசவத்துக்கும், கல்யாணத்துக்கும், சாவுக்கும் பிடிக்கிற ஹயர். பிடித்தால் ஆறு ஏழு பேர் ஏறுவார்கள், மடியில் பிள்ளைகள் வேறு.

ஏ-40 இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அதன் தரம் மட்டுமல்ல. 1977க்கு முன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் புதுக் கார் வருவது அரிதாகிப் போக, இருந்ததைத் தட்டிக்கொட்டி ஓட்ட வேண்டியிருந்தது. அமுக்க விகிதம் 7.2 மட்டுமே என்பதால் எந்த மட்டமான எண்ணெயையும் அந்த எஞ்சின் பொறுத்துக்கொண்டது. பின்னாளில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டினார்களே, அதற்கும் இதுவே காரணம்.

திறந்த பொருளாதாரத்தோடு ஜப்பான் ரீகண்டிஷன் கார்கள் வந்தன. கொரோலா கேஈ-70இன் 1,290 சிசி 4கே எஞ்சின் ஒன்றும் நவீனமானது அல்ல, கார்பரேட்டர்தான். ஆனால் சூடேறிக் கொதிக்காது, பார்ட்ஸ் கிடைக்கும். அதன் குடும்பத்து டிஎக்ஸ் வேகன் மலையகத்தில் ஹயருக்கென்றே பிறந்த வாகனம் போல இருந்தது. இதற்குப் பின்சில்லு இழுவை. 1983இல் வந்த அடுத்த கொரோலா முன்சில்லு இழுவைக்கு மாறியது. எடையும் எண்ணெயும் மிச்சம். ஆனால் ஏற்றத்தில் பாரம் பின்பக்கம் சாய்கிறது. மழையில் நனைந்த தோட்டத்து றோட்டில், டிக்கி நிறையச் சாமானோடு ஏறினால் முன்சில்லு பிடியில்லாமல் சுற்றும். பழைய சாரதிகள் புதியதை நம்பாததை வெறும் பிடிவாதம் என்று சொல்லமாட்டேன்.

உண்மையான மாற்றம் 1990களின் ‘110’ கொரோலாவோடு பரவலானது: 1,498 சிசி, பெற்றோல் ஊசிப் பாய்ச்சல். உள்ளே வரும் காற்றைச் சென்சர் அளக்க, கணினி அதற்கேற்பப் பெற்றோல் விடுகிறது. திருப்புளி வேலை முடிந்தது. அடுத்து வந்த ‘121’, வால்வு திறக்கும் நேரத்தையும் தானே மாற்றிக்கொண்டு அதே ஏற்றத்தை அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. மலையகத்துக்கு ஏற்ற குடும்பக் கார் எது என்று கேட்டால் இன்றும் 121 என்றே சொல்வேன்.

2013இல் ஆக்ஸியோ ஹைபிரிட். ஜப்பான் சோதனையில் லீற்றருக்கு 33 கிலோமீற்றர். மலை அதை ஒப்புக்கொள்வதில்லை. ஆட்களோடு 1,400 கிலோ நிற்கும் காரைக் கடல் மட்டத்திலிருந்து நுவரெலியாவுக்குத் தூக்கவே ஏறக்குறைய 7 யூனிட் சக்தி வேண்டும். அதற்கு மட்டும் இரண்டு லீற்றருக்கு மேல் பெற்றோல் எரியும். இறங்கும்போது திரும்ப எடுக்கலாமே என்றால், அதன் பற்றரி ஒரு யூனிட்டைக்கூடக் கொள்ளாது. சில முடக்குகளிலேயே நிறைந்துவிடும். பிறகு மிஞ்சும் சக்தியைக் கரைக்க மோட்டார் எஞ்சினை வெறுமனே சுற்றும். பெற்றோல் எரியாமலே எஞ்சின் அலறும். முதன்முறை கேட்கிறவர் பயந்து கராஜுக்குப் போவார். பழுதல்ல, பிரேக் சூடாகாமல் காக்கிற வேலை அது. மலைக்காரனுக்கு ஹைபிரிட்டின் பெரிய லாபம் இந்த பிரேக்தான் என்பேன். எண்ணெய் மிச்சம் டவுன் நெரிசலில்தான் முழுதாகத் தெரியும்.

எண்ணெய்க் கணக்கை எல்லோரும் பாடமாக்கியது 2022இல். 2020இல் 137 ரூபாயாக இருந்த 92 ஒக்டேன், 2022 ஜூனில் 470 ஆனது. 2021இல் தோட்டத் தொழிலாளர் போராடிப் பெற்ற 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு இரண்டு லீற்றரும் சில்லறையும். க்யூஆர் எரிபொருள் கோட்டா தொடங்கியபோது ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது; இடையில் பழைய 121களை விற்றவர்கள் வாங்கிய விலையைவிடக் கூடப் பார்த்தார்கள்.

ஒரு கணக்கு மட்டும் எந்த விளம்பரத்திலும் வராது. ஏ-போட்டி மலையில் லீற்றருக்கு 8 கிலோமீற்றர்தான் ஓடியது என்று குறைத்தே வைப்போம். ஏழு பேர் ஏறினால் ஒரு லீற்றர் 56 ஆள்-கிலோமீற்றர். ஆக்ஸியோவுக்குத் தாராளமாக 20 கொடுத்து, கணவனும் மனைவியும் மட்டும் போனால் 40. பிள்ளைகள் இருவரும் பின்னால் ஏறினால் ஆக்ஸியோ வெல்லும்.