பழுதில் பிறந்த தாளம்

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட டி.ஆர்.-808 என்னும் தாளக் கருவியில் தோலும் இல்லை, கோலும் இல்லை. ஒரு மின்துடிப்புப் பட்டதும் மின்சுற்று, தட்டிய மணிபோல் அதிர்ந்து அடங்குகிறது. அதுவே பெருமுரசின் ஒலி. வரிசையாக 16 பொத்தான்கள். வேண்டிய இடங்களில் அழுத்தி வைத்தால் கருவி தானே வாசிக்கும்.

அதே ஆண்டு வந்த லின் எல்.எம்.-1 உண்மையான முரசொலிகளையே பதிவு செய்து ஒலித்தது. அதன்முன் 808 பொம்மைபோல் இருப்பதாகப் பலரும் ஒதுக்கினர். பின்னர், பழைய 808-கள் மலிவாகக் கிடைக்கவே, அமெரிக்க இளைஞர்கள் அவற்றில் ஹிப்-ஹாப் இசை படைத்தனர்.

இயற்பியல் மாணவனான எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. தரமற்றவை என்று கழிக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களையே நிறுவனர் காகெஹாஷி தேடி வாங்கினார். அவற்றின் இரைச்சலே 808-இன் சலசலப்பு. டிரான்சிஸ்டர் உற்பத்தி செம்மையுற்றதும் கழிவு கிடைக்கவில்லை. 1983-இல் 808-உம் நின்றது.