மலிவான மின்மாற்றி ஏன் விலை உயர்ந்ததாகிறது?

மின்மாற்றியின் விலை ஒருமுறை கொடுப்பது. அதில் வீணாகும் மின்சாரத்தின் விலையோ ஆண்டுதோறும் கொடுப்பது. வாங்கும் விலை, நிறுவுதல், இழப்பு, பராமரிப்பு, இறுதியில் பழைய இரும்பாகவும் செம்பாகவும் விற்றால் கிடைக்கும் தொகை ஆகிய அனைத்தையும் கணக்கில் கொள்வதே வாழ்நாள் செலவு முறை.

மின்மாற்றியில் இழப்பு இருவகை. இரும்பு உள்ளகத்தில் ஏற்படும் இழப்பு, மின்னிணைப்பு இருக்கும் வரை இரவும் பகலும் மாறாமல் நீடிக்கும். கம்பிச் சுருளில் ஏற்படும் இழப்பு சுமையின் இருமடிக்கு ஏற்ப மாறும். சுமை பாதியானால் அது கால்பங்காகும்.

எடுத்துக்காட்டாக, உள்ளக இழப்பு 1 கிலோவாட் குறைந்தால் ஆண்டுக்கு 8,760 யூனிட் மிச்சம். யூனிட் 5 ரூபாய் எனக் கொண்டால் அது 43,800 ரூபாய். 25 ஆண்டுச் சேமிப்பை அப்படியே கூட்டினால் ஏறத்தாழ 11 லட்சம் வரும். ஆனால் நாளைய ரூபாய்க்கு இன்றைய ரூபாயின் மதிப்பு இல்லை. ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியைக் கழித்துக் கணக்கிட்டால், அதன் இன்றைய மதிப்பு சுமார் 4 லட்சம் ரூபாய். அந்த 1 கிலோவாட்டைக் குறைக்கக் கூடுதலாகத் தரும் விலை இதற்குள் அடங்கினால், விலை கூடிய மின்மாற்றியே லாபம்.

மின்கம்பிக்கும் இதே கணக்குதான். கம்பி தடித்தால் உலோகச் செலவு கூடும், இழப்பு குறையும். ஆண்டு இழப்புச் செலவும் உலோக முதலீட்டின் ஆண்டுச் செலவும் சமமாகும் தடிமனே சிக்கனமானது என்று பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1881-இல் காட்டினார்.

மின்விலை, சுமை, வட்டி வீதம் ஆகியவை ஊகங்களே. எனவே அவற்றைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, முடிவு மாறுகிறதா என்று சோதித்த பிறகே வடிவமைப்பு உறுதியாகிறது.